வீட்டுத் தோட்டத்தில் ஓடிய இரயில்



இந்த ஜார்ஜ்டவுன் நகரின் துறைமுகக் கரையில் மணிக்கூண்டுடன் நிற்கும் பழைய கட்டடத்தை நாம் அனைவரும் அறிவோம். இன்று அது சுங்கத்துறையின் அலுவலகம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இரயில்வேக்காக எழுப்பப்பட்டது. அங்கே பயணச்சீட்டு வாங்கலாம். ஆனால் வண்டி ஏற முடியாது. சீட்டு வாங்கியவர்கள் பெரி ஏறிக் கடலைக் கடந்து, பிறையில் நின்ற வண்டியைப் பிடித்தார்கள். கொடிமலைக்கு ஏறும் மலை இரயில் நம்மிடம் உண்டு. பெருநிலத்து இரயிலின் தண்டவாளமோ இத்தீவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நிலையம் இருந்தும் தண்டவாளம் வராத ஊர் இது. இதற்கு நேர்மாறாக, போவதற்கு ஓர் ஊரும் ஏறுவதற்கு ஒரு பயணியும் இல்லாத இடத்தில், சொந்த வீட்டிலும் தோட்டத்திலும் தண்டவாளம் போட்டு வண்டி ஓட்டியவர்கள் உலகில் உண்டு. அவர்களுள் மூவரைப் பற்றி இன்று பேச எண்ணினோம். மொழிப் பேரவையின் மேடையில் இரயில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய விடையை உரையின் பிற்பகுதியில் சொல்வோம். முதலில் அம்மூவரையும் காண்போம்.

புனே நகரத்துச் சிற்றுரு

நமக்கு அண்மையில் உள்ளதிலிருந்து தொடங்குவோம். இந்தியாவின் புனே நகரில், கோத்ருட் என்னும் பகுதியில், ஜோஷி சிற்றுரு இரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்பவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை அது. அந்த ஈடுபாடு ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, 1998ஆம் ஆண்டு பொதுமக்களுக்கான காட்சியாகத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு நகரமே சிற்றுருவாக விரிந்திருக்கிறது. கைகாட்டிகள், வேலிகள், விளக்குக் கம்பங்கள், மேம்பாலங்கள் ஆகியவற்றின் இடையே வண்டிகள் ஒன்றையொன்று கடந்து ஓடுகின்றன. பிள்ளைகளும் பெற்றோரும் சீட்டு வாங்கிச் சென்று பார்க்கின்றனர்.

இத்தகைய வேலையில் ஈடுபடுவோர் உலகெங்கும் மிகுதியாகக் கையாளும் அளவு, 87இல் ஒரு பங்கு. அந்த அளவில் 20 மீட்டர் நீளமுள்ள இரயில் பெட்டி 23 செண்டிமீட்டராகச் சுருங்கும். ஆறடி உயரமுள்ள மனிதர் 2 செண்டிமீட்டர் உயரத்தில் நிற்பார். வண்டியும் மனிதரும் மேசைக்கு அடங்கிவிடுவர். தூரம் மட்டும் அடங்குவதில்லை. நம் நாட்டில் முதன்முதலாக, 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் தொடங்கப்பெற்ற தைப்பிங் – போர்ட் வெல்ட் பாதையின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அந்தச் சிறிய பாதையை 87இல் ஒரு பங்காகச் செய்தாலும் 150 மீட்டர் நீள்கிறது. எந்த வீட்டுக் கூடத்திலும் அது அடங்காது.

ஆகவே, சிற்றுரு செய்பவர் எதைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தே தீர வேண்டும். ஒரு பாலம் இருக்கும். பத்துப் பாலங்கள் மறையும். நிலையம் நிற்கும், அதற்குப் பின்னால் இருந்த குடியிருப்பு போய்விடும். இந்தத் தெரிவைக் கருத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இவ்வுரையின் மையம் இதுவே.

டஃபீல்டு தோட்டத்துப் பாதை

இரண்டாமவர் சர் ஆர்தர் ஹேவுட். 1849இல் பிறந்து 1916இல் மறைந்த ஆங்கிலேயர். இங்கிலாந்தின் டெர்பி நகருக்கு அருகில், டஃபீல்டு என்னும் ஊரில் அவர் வீடு இருந்தது. 1874ஆம் ஆண்டு அவர் தம் வீட்டை ஒட்டிய சரிவான நிலத்தில் ஓர் இருப்புப்பாதையை அமைக்கத் தொடங்கினார். அது மேசைமேல் ஓடும் பொம்மை வண்டி இல்லை. ஆட்கள் உட்கார்ந்து போகக்கூடிய நீராவி இரயில். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். நம் நாட்டு இரயிலின் அகலம் ஒரு மீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏன் 15 அங்குலம்? அவர் முதலில் 9 அங்குல அகலத்தில் ஒரு சிறிய நீராவி எஞ்சினைச் செய்து பார்த்தார். அதில் மனிதர் ஏறினால் வண்டி நிலைகொள்ளவில்லை. இங்கே இயற்பியல் பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் நீளம் எட்டில் ஒன்றாகும்; பரப்பு 64இல் ஒன்றாகும்; எடையோ 512இல் ஒன்றாகிவிடும். வண்டி இவ்வாறு இலேசாகும்போது, அதன் மேல் ஏறி அமரும் மனிதர் மட்டும் தம் முழு எடையோடு இருக்கிறார். வண்டியின் பெரும் பாரம் அவரே. அவர் சற்றுச் சாய்ந்தால் வண்டியும் சாயும். மனிதரைப் பாதுகாப்பாகச் சுமக்கக்கூடிய மிகக் குறைந்த அகலம் எது என்பதே ஹேவுட் தமக்குத்தாமே வகுத்துக்கொண்ட வினா. 15 அங்குலம் என்பது அவர் கண்ட விடை.

தம் வீட்டுப் பணிமனையிலேயே அவர் எஞ்சின்களை உருவாக்கினார். எஃபி 1875இலும், எல்லா 1881இலும், மியூரியல் 1894இலும் ஓடத் தொடங்கின. தோட்டத்துச் சரிவு செங்குத்தானது. வளைவுகளோ மிகக் குறுகியவை. ஆறு சக்கரங்களையும் விறைப்பாக இணைத்த எஞ்சின் அத்தகைய வளைவில் திரும்பாது. சக்கரங்களின் அச்சுகள் வளைவுக்கேற்ப இசைந்து கொடுக்கும் அமைப்பு ஒன்றை அவர் வகுத்தார். சுரங்கவழிகள், மரப்பாலம், நிலையங்கள் ஆகியவற்றோடு, உணவுப்பெட்டியும் படுக்கைப்பெட்டியும் கூட அந்தத் தோட்ட இரயிலில் இருந்தன.

அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. பெரும் பண்ணைகளிலும் படைமுகாம்களிலும் குறைந்த செலவில் சரக்கு ஏற்றிச்செல்ல இத்தகைய சிறு பாதை போதும் என்பதை மெய்ப்பிக்க விரும்பினார். படைத்துறை அதை ஏற்கவில்லை. ஒரே ஒரு பெரும் பண்ணைக்காரர் ஏற்றார்: வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன். 1896இல் அவருடைய ஈட்டன் ஹால் பண்ணையில் ஹேவுட் அமைத்த பாதை நிலக்கரியையும் கல்லையும் சுமந்தது. அவர் எண்ணிய பயன் அந்த ஓரிடத்தோடு பெரும்பாலும் நின்றுவிட்டது எனலாம். ஆயினும் அவர் தோல்வியுற்றவர் என்று நாம் கருதவில்லை. தாம் செய்தவற்றையும் அவற்றின் காரணங்களையும் அவர் நூலாக எழுதி வெளியிட்டார். அவர் மறைவுக்குப் பின்னும் 15 அங்குலப் பாதைகள் இங்கிலாந்தில் ஓடின, இன்றும் ஓடுகின்றன. அவருடைய மியூரியல் எஞ்சின், உருமாற்றப்பெற்று, ‘ரிவர் இர்ட்’ என்னும் பெயரில் ரேவன்கிளாஸ் பாதையில் உழைத்து வருகிறது. தோட்டம் போய்விட்டது, எழுதி வைத்த அறிவு நின்றது.

மலர்ப்பாத்தியின் அடியில் ஒரு சுரங்கம்

மூன்றாமவரை மாணவர் அனைவரும் அறிவர். அவர் வால்ட் டிஸ்னி. 1950ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் வீட்டைச் சுற்றி அவர் ஓர் இரயில் ஓட்டினார். எட்டில் ஒரு பங்கு அளவு. ஏழேகால் அங்குல அகலம். பாதையின் நீளம் 2,615 அடி. எஞ்சினுக்குத் தம் மனைவி லில்லியனின் பெயரைத் தழுவி ‘லில்லி பெல்’ என்று பெயரிட்டார். மனைவியின் மலர்ப்பாத்தி கெடாதிருக்க, அதன் அடியில் 90 அடி நீளத்துக்குச் சுரங்கவழி அமைத்தார். வீட்டு நிலத்தில் பாதை போடும் உரிமை குறித்து மனைவியோடும் மகள்களோடும் ஓர் ஒப்பந்தமே எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டார். வண்டியின் கடைசிப் பெட்டியைத் தம் கையாலேயே செய்தார்.

1953இல் ஒரு விபத்து நேர்ந்தது. விருந்தினர் ஒருவர் வளைவில் வேகமாக ஓட்டியதால் எஞ்சின் கவிழ்ந்து, வெளிப்பட்ட நீராவி ஒரு சிறுமியைச் சுட்டது. டிஸ்னி வீட்டு இரயிலை நிறுத்திவிட்டார். வண்டி சிறிதானாலும் கொதிக்கும் நீராவியின் சூடு சிறிதாவதில்லை. ஆயினும் அந்த ஆசை அடங்கவில்லை. 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் டிஸ்னிலேண்டு திறக்கப்பட்டபோது, அதைச் சுற்றி ஓர் இரயில் ஓடியது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். லில்லி பெல் எஞ்சினுக்கு முன்மாதிரியாக அமைந்தது, சென்ட்ரல் பசிபிக் இரயில்வேயின் 173ஆம் எண் எஞ்சின். 1869இல் நிறைவுற்ற அந்தப் பாதையை மலைகளின் ஊடே குடைந்து அமைத்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். தென்சீனத்திலிருந்து கடல் கடந்து சென்றவர்கள். அதே கடலோரத்திலிருந்து இப்பினாங்கிற்கும் மக்கள் வந்தார்கள். அழகிய அந்தச் சிறு எஞ்சினின் விளக்கும் புகைபோக்கியும் மணியும் அளவு பிசகாமல் சுருங்கி வந்து சேர்ந்தன. பாறையை உடைத்த மனிதர் மட்டும் வந்து சேரவில்லை.

இதனை டிஸ்னியின் குறையாக நாம் கூறவில்லை. தமக்குப் பிடித்ததை ஒருவர் தம் வீட்டில் செய்துகொள்கிறார். தாம் கண்டதையே அவர் செய்வார். தாம் நேசித்ததையே அளவெடுப்பார். சிறிய இருப்புப்பாதையில் யார் நிற்க வேண்டும் என்பதை அதைச் செய்யும் கையே முடிவு செய்கிறது. நாம் செய்யவில்லை என்றால், நம் மக்கள் அதில் நிற்க மாட்டார்கள்.

நம்முடைய பாதை

இனி நம் வீட்டிற்கு வருவோம். தைப்பிங்கிலிருந்து ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லவே அந்த முதற் பாதை அமைந்தது. அதை அமைக்கும் பணியில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பணிப்படையினர் ஈடுபட்டனர். அதன்பின் தீபகற்பம் எங்கும் பாதை நீண்டபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மண் சுமந்தார்கள், கட்டை இட்டார்கள், ஜல்லி நிரப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தராகவும் நிலையத் தலைவராகவும் அமர்ந்தார்கள். செந்தூல் பணிமனையில் தமிழர் தலைமுறை தலைமுறையாக எஞ்சின்களைப் பழுதுபார்த்தார்கள். பின்னர், 1942–43இல், ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பலர் திரும்பி வரவில்லை. இந்த வரலாற்றில் விளையாட்டு என்று எதுவும் இல்லை.

இத்தனை நெருக்கம் இருந்தும், ஹேவுட் போன்றோ டிஸ்னி போன்றோ தம் வீட்டில் இரயில் ஓட்டிய தமிழ் இரயில்காரர் ஒருவரை நாம் ஏன் எடுத்துக்காட்ட இயலவில்லை? காரணம் எளிது. அவர்களுக்குத் தோட்டம் இருந்தது, ஓய்வு இருந்தது, பணம் இருந்தது. லயத்து வீட்டில் குடியிருந்து, விடியுமுன் சுத்தியலோடு புறப்பட்டவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பாதை நெடுக நடந்து, தளர்ந்த ஆப்புகளை அடித்து இறுக்கிவிட்டு மாலையில் வீடு திரும்பியவர், வீட்டிலும் ஒரு பாதை போட விரும்பியிருப்பாரா என்பதும் ஐயமே. ஆனால், அவருக்கு இருந்த அறிவு பேரறிவு. எந்தக் கட்டை அழுகத் தொடங்கியது, மழைக்குப் பின் எங்கே மண் இறங்கும் என்பனவெல்லாம் அவர் காலுக்கும் காதுக்கும் தெரியும். அந்த அறிவை அவர் தமிழில் வைத்திருந்தார். எழுதி வைக்கவில்லை.

இப்போது மொழிப் பேரவையின் வேலை தொடங்குகிறது. ‘கைகாட்டி’ என்னும் சொல்லைப் பாருங்கள். கையை உயர்த்தியும் தாழ்த்தியும் வழி சொல்லும் கம்பத்திற்கு மக்கள் வைத்த பெயர் அது. பொருளைக் கண்டவுடன் புரிகிற சொல். சாலையைச் ‘சடக்கு’ என்பது இந்நாட்டுத் தமிழர் வழக்கு. வடநாட்டுச் சொல் கடல் கடந்து வந்து நம் நாவில் நிலைத்தது. ‘சிலிப்பர் கட்டை’ என்பதில் ஆங்கிலமும் தமிழும் ஒன்றாய்ச் சேர்ந்து பாரம் சுமக்கின்றன. இவை தொழிலாளர் நாவில் வழங்கிய சொற்கள். கைகாட்டி மறைந்து மின்விளக்கு வந்தவுடன், அந்தச் சொல்லும் போய்விடும் நிலையில் இருக்கிறது. பொருள் போனால் சொல் தனித்து நில்லாது. பொருளைச் சிறிய உருவிலாவது மீண்டும் செய்து கையில் கொடுத்தால், சொல்லும் கூட வரும்.

தீக்குச்சிப் பாதை

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் இரண்டு மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 87இல் ஒரு பங்கு அளவில் அது 174 மீட்டர் நிலத்தைக் குறிக்கும். ஒரு சிறு நிலையமும் அதன் முன்னுள்ள பாதையும் அதில் அடங்கும். ஒரு மீட்டர் அகலப் பாதை அந்த அளவில் பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகும். இரண்டு மீட்டர் நீளமுள்ள குறுக்குக்கட்டை 23 மில்லிமீட்டர். பாதித் தீக்குச்சி ஏறக்குறைய அந்த அளவுதான். மருந்து முனையை நீக்கிய குச்சிகளே போதும். விலை உயர்ந்த எஞ்சின் வேண்டா, மின்சாரமும் வேண்டா, வண்டி ஓடவும் வேண்டா.

முக்கால் மீட்டருக்கு ஒரு கட்டை என்று கொண்டால், அந்தப் பலகையில் மாணவர் ஏறக்குறைய 230 கட்டைகளைப் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரே இடைவெளியில் பசையிட்டு ஒட்ட வேண்டும். ஐம்பதாவது கட்டைக்குள் விரல் சலிக்கும். அப்போது ஆசிரியர் ஒரு கணக்குப் போடச் சொல்லலாம்: தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை அதே இடைவெளியில் எத்தனை கட்டை? 17,000க்கு மேல். ஒவ்வொன்றும் ஓர் ஆள் எளிதில் தூக்க முடியாத மரம். அந்த எண்ணைப் பாடநூலில் படித்தால் மறந்துபோகும். விரல் சலித்த பின் கேட்டால் மறக்காது.

அடுத்து, பாதையின் ஓரத்தில் ஆட்களை நிறுத்துங்கள். கடையில் கிடைக்கும் பொம்மைகளுள் தொப்பி அணிந்த பயணிகள் இருப்பர்; நம் ஆள் இருப்பது அரிது. களிமண்ணில் இரண்டு செண்டிமீட்டர் உயரத்துக்குச் செய்துகொள்ளலாம்: தலைப்பாகை கட்டியவர், கூடை சுமக்கும் பெண், நிலைய வாசலில் நிற்கும் தலைவர். பின்பு மாணவர் தம் வீட்டுப் பெரியவர்களிடம் சென்று, “தாத்தா, இதற்கு நீங்கள் என்ன பேர் சொல்வீர்கள்?” என்று ஒவ்வோர் உறுப்பையும் காட்டிக் கேட்கட்டும். அகராதிச் சொல்லை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டா. அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதட்டும். ஆங்கிலம் கலந்திருந்தாலும், மலாய் கலந்திருந்தாலும் அப்படியே பதியட்டும். திருத்துவதற்குப் பின்னர் நேரம் உண்டு. கேட்பதற்கு நேரம் மிகக் குறைவு. ஹேவுட்டின் தோட்டத்துப் பாதை மறைந்தும் அவர் அறிவு நின்றது எழுத்தால் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறோம்.

இறுதியாக ஒன்று. நம் நகரின் கரைச்சாலையாகிய வெல்ட் கீக்குப் பெயர் தந்த ஆளுநரின் பெயரையே அந்தப் பழைய முனையமும் தாங்கியது. போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பத்தாங் என்று வழங்குகிறது. அங்கே இப்போது இரயில் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்திலும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கியவர்களுள் தமிழ் படிக்கத் தெரிந்தோர் இருந்தனர் என்பதற்கும், அவர்கள் பொருட்டு ஒருவர் அவ்வெழுத்துகளை எழுதினார் என்பதற்கும் அது சான்று.

மாணவர் செய்யும் பலகையில் அந்தப் பெயர்ப்பலகையும் இருக்கட்டும். 87இல் ஒரு பங்கு அளவில் அந்த எழுத்துகள் மிகச் சிறியனவாக இருக்கும். கூரிய பென்சிலும் பொறுமையும் வேண்டும். நான்கு எழுத்துமுறைகளையும் விடாமல் எழுதுங்கள். செய்து முடித்தவற்றையும் திரட்டிய சொற்களையும் இப்பேரவைக்கு அனுப்பினால், அவற்றை ஒன்றாக வைத்துக் காப்பது நம் கடமை.